செவ்வரத்தைக்கு வந்த வருத்தம்: அறிகுறி பார்த்துச் சரிசெய்வது எப்படி?

கொழும்பில் செவ்வரத்தை வைக்காத தமிழ் வீடு குறைவு. வெள்ளவத்தைத் தொடர்மாடியின் நாலாம் மாடிப் பல்கனியாக இருந்தாலும் சரி, கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் கேற்றோடு ஒட்டிய ஒரு முழ நிலமாக இருந்தாலும் சரி, காலையில் சுவாமிப் படத்துக்கு வைக்க நாலு பூ வேண்டும் என்று ஒரு கன்றாவது நிற்கும். "அது தன்பாட்டில வளரும்" என்பார்கள். நிலத்தில் நின்றால் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் வருடத்துக்குச் சுமார் 2400 மில்லிமீற்றர் மழை பெய்கிற ஊரில், சாடிக்குள் அடைத்துச் சீமெந்துத் தரையில் வைத்து, மழைக்கு மேல் நாமும் தண்ணீர் ஊற்றினால் அது தன்பாட்டில் வளராது.

இலை மஞ்சளானதும் நம்மவர்கள் செய்வது இரண்டு: இன்னொரு செம்பு தண்ணீர், இல்லாவிட்டால் ஒரு பிடி பசளை. பல நேரம் இரண்டுமே வருத்தத்தைக் கூட்டிவிடும். ஒரே மஞ்சளுக்கு நாலைந்து காரணம் இருக்கலாம். எந்த இலை, இலையின் எந்தப் பகுதி, எந்த மாதம் என்று பார்த்தால்தான் காரணம் பிடிபடும். கீழே உள்ளதை வரிசையாக வாசிக்கத் தேவையில்லை. உங்கள் கன்றில் தெரிகிற அறிகுறிக்கு நேரே போகலாம். அடுத்த பகுதியை மட்டும் எல்லோரும் பாருங்கள்.

எதைச் செய்வதற்கும் முன்

விரலை மண்ணுக்குள் இரண்டாவது கணு வரை விடுங்கள். மேல்மண் காய்ந்து வெளிறியிருக்கும், உள்ளே சேறாக இருக்கும். கடற்காற்றும் வெயிலும் மேல்மண்ணைச் சீக்கிரம் காயவைத்துவிடுவதால் மேலால் பார்த்து முடிவெடுப்பது சரிவராது.

அப்புறம் சாடியைச் சரித்து அடியைப் பாருங்கள். கடையில் வாங்கும் பிளாஸ்டிக் சாடிகள் சிலவற்றில் துளைக்கான அடையாளம் மட்டும் இருக்கும், துளை இருக்காது. துளை இருந்தாலும் வேர் அடைத்திருக்கலாம். அல்லது சாடி மாபிள் தரையோடு ஒட்டி இருந்து, தண்ணீர் வெளியேற வழியில்லாமல் இருக்கலாம். ஓட்டுத் துண்டு மூன்றை அடியில் கொடுத்துச் சாடியை ஒரு விரல் உயர்த்தி வையுங்கள். இந்த ஒரு வேலையோடு சுகமான கன்றுகள் நிறைய.

கடைசியாக இலையைத் திருப்புங்கள். காலை வெளிச்சத்தில் இலையின் கீழ்ப்பக்கம், இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கு, நுனித் தளிர் மூன்றையும் பாருங்கள். பூச்சி வந்தால் முதலில் குடியேறுவது அங்கேதான்.

இலை மஞ்சளாகிறது

அடியில் உள்ள இலை ஒன்றிரண்டு முழுக்க மஞ்சளாகி விழுகிறது, நுனி நல்ல பச்சையாக இருக்கிறது என்றால் அது வயதான இலை. விடுங்கள். சாடியை இடம் மாற்றிய பிறகோ, நேர்சரியிலிருந்து கொண்டுவந்த புதிதிலோ கொஞ்சம் இலை கொட்டுவதும் வழக்கம்தான். புதிய வெளிச்சத்துக்குப் பழகியதும் தளிர் விடும். அதற்குள் பசளை போட்டு அவசரப்படுத்த வேண்டாம்.

அடியிலிருந்து மேல் வரை பரவலாக மஞ்சள், மண் உள்ளே ஈரம் என்றால் தண்ணீர் கூடிவிட்டது. மே, ஜூனிலும் ஒக்டோபர், நவம்பரிலும் கொழும்பில் இதுதான் முதல் காரணம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்துங்கள். பல்கனியில் மழை படாத மூலைக்குச் சாடியை நகர்த்துங்கள். பொச்சுத் துண்டுகளை அடியில் நிரப்பி நட்டிருந்தால் அதுவும் ஈரத்தைப் பிடித்து வைக்கும். வறண்ட இடங்களில் அது நல்ல பழக்கம். இங்கே மழைக்காலத்தில் வேரை அழுக வைக்கும்.

அடி இலைகளில் நரம்பு பச்சையாகவும் நரம்புகளுக்கு இடையே மஞ்சளாகவும் இருந்தால் பெரும்பாலும் மக்னீசியம் குறைவு. கனமழை சாடி மண்ணைக் கழுவிக்கொண்டு போகும்போது மக்னீசியமும் சேர்ந்தே போய்விடும். பாமசியில் எப்சம் உப்பு கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கரைத்து, பாதியை இலையில் தெளித்து மீதியை மண்ணில் ஊற்றுங்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை போதும். ஏற்கெனவே மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகும் என்று காத்திருக்க வேண்டாம். அடுத்த இலைகள் மஞ்சளாகாமல் நின்றால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இதே கோலம் நுனித் தளிரில் தெரிந்தால் கதை வேறு. இளம் இலை எலுமிச்சை மஞ்சளாகி, பச்சை நரம்புகள் மட்டும் கம்பிக்கோலம் போட்டதுபோல எடுப்பாகத் தெரியும். இது இரும்புக் குறைவு. விசித்திரம் என்னவென்றால், கொழும்பு மண்ணில் இரும்புக்குப் பஞ்சமே இல்லை. நம் செம்பூரான் மண்ணின் சிவப்பே இரும்புதான். மண் காரத்தன்மை அடைந்துவிட்டால் அந்த இரும்பைச் செடியால் உறிஞ்ச முடியாது. காரம் எங்கிருந்து வருகிறது? வீடு கட்டும்போது கொட்டிய சீமெந்துக் கழிவும் சாந்தும் மதிலோரப் பூப்பாத்தியின் அடியில்தான் புதைந்து கிடக்கும். புதுச் சீமெந்துத் தளத்தில் வழிந்தோடும் தண்ணீரிலும் சுண்ணாம்பு வரும். சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கும் யாழ்ப்பாணத்தில் இந்த மஞ்சள் அடிக்கடி தென்படுவதும் இதனால்தான்.

இதற்கு முட்டைக்கோதும் அடுப்புச் சாம்பலும் போடுவது நெருப்புக்கு நெய் வார்க்கிற வேலை. இரண்டும் காரத்தைக் கூட்டும். நிலத்தில் என்றால் கன்றைச் சுற்றித் தோண்டி, வெள்ளைச் சாந்துக் கட்டிகளைப் பொறுக்கி எறிந்து, நன்றாக மக்கிய கொம்போஸ்ட் கலந்து மூடுங்கள். சாடியில் என்றால் மண்ணையே மாற்றுவது சுலபம். உடனடி நிவாரணத்துக்கு இரும்புச் செலேற் என்று கேட்டு வாங்கி, போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்கு மேற்படாமல் மாலையில் இலைக்குத் தெளிக்கலாம். எலும்புத் தூள் போன்ற பொசுபரசு கூடிய பசளைகளைச் செவ்வரத்தைக்கு அள்ளிப் போடுவதையும் நிறுத்துங்கள். பொசுபரசு மிஞ்சினாலும் இரும்பு செடிக்கு எட்டாமல் போகும்.

ஜனவரி முதல் மார்ச் வரையிலான வறண்ட நாட்களில் இலை மஞ்சள் கலந்த சாம்பல் நிறமாக மங்கி, கிட்டப் பார்த்தால் ஊசி முனை அளவு வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் அது சிற்றுண்ணி. வெள்ளைக் கடதாசியின் மேல் இலையைத் தட்டுங்கள், விழுந்த தூசு நடக்கத் தொடங்கும். ஹோஸ் தண்ணீரை இலையின் கீழ்ப்பக்கம் படும்படி வேகமாக அடித்துக் கழுவுங்கள். ஒன்றுவிட்டொரு நாள் ஒரு வாரம் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

மொட்டு விரியாமலே விழுகிறது

முதலில் விழுந்தது மொட்டுத்தானா என்று பாருங்கள். செவ்வரத்தைப் பூவின் ஆயுள் ஒரு நாள். காலையில் விரிந்து, மாலையில் வாடி, இதழ்களை இறுக்கமாகச் சுருட்டிக்கொண்டு மறுநாள் விழும். கீழே கிடப்பதைத் தூரத்திலிருந்து பார்த்தால் மொட்டு என்றே தோன்றும். எடுத்துப் பிரித்துப் பாருங்கள்: தொய்ந்து பிசுபிசுவென்று, உள்ளே மகரந்தம் ஒட்டிய தண்டு வெளியே நீண்டிருந்தால் அது நேற்றைய பூ. நீங்கள் காலையில் பார்க்கவில்லை, அவ்வளவுதான். உண்மையான மொட்டு உறுதியாக இருக்கும். அதன் காம்பு மஞ்சளாகி, கணுவில் சுத்தமாகக் கழன்றிருக்கும்.

மொட்டுத்தான் என்றால் சவரத் தகட்டால் அதை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்ளே வெண்மஞ்சள் நிறச் சிறு புழுக்கள் நெளிந்தால் விடை கிடைத்துவிட்டது. இந்தப் புழு மொட்டோடு மண்ணில் விழுந்து, மண்ணுக்குள் கூட்டுப்புழுவாகி, சிறு ஈயாகத் திரும்ப வந்து அடுத்த மொட்டில் முட்டையிடும். இதற்கு மருந்தைவிடத் துப்புரவு முக்கியம். விழுந்த மொட்டுகளையும், மஞ்சளாகி விழப்போகிறவற்றையும் தினமும் பொறுக்கிப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டிக் குப்பையில் போடுங்கள். கொம்போஸ்ட் குழிக்குள் போட்டால் நாமே வளர்த்துவிடுவது மாதிரி ஆகிவிடும். மேல்மண்ணை ஓர் அங்குலம் சுரண்டி மாற்றுவதும் நல்லது. இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்ய வேண்டும். நடுவில் நாலு நாள் விட்டால் திரும்ப முதலிலிருந்துதான்.

புழு இல்லை, ஆனால் விரிந்த சில பூக்களில் இதழ் கோணலாக, வெளிறிய கீற்றுகளோடு இருக்கிறது என்றால் பனிப்பூச்சி. மொட்டைக் கடதாசியில் தட்டினால் ஒல்லியான, கடுகைவிடச் சிறிய பூச்சிகள் ஓடும். வேப்பெண்ணெய்க் கலவை இதற்குப் போதும். அளவு அடுத்த பகுதியில் இருக்கிறது.

பிளந்து பார்த்ததில் எதுவும் இல்லை என்றால் தண்ணீர் ஏற்ற இறக்கத்தைச் சந்தேகியுங்கள். சனி, ஞாயிறு வீட்டில் நின்று வாளி வாளியாக ஊற்றிவிட்டு, வாரநாள் முழுக்க மறந்துவிடுகிற வீடுகளில் மொட்டு நிற்காது. பெப்ரவரி வெயிலில் சின்னச் சாடி ஒன்று காலையில் நனைத்தாலும் பின்னேரம் காய்ந்துவிடும். சாடியைப் பெரிதாக்குங்கள். மேல்மண்ணில் காய்ந்த இலையோ தும்போ பரப்புங்கள்.

அடுக்கு இதழ் இனங்கள் ஒற்றை இதழை விடச் சுலபமாக மொட்டைக் கொட்டும். தட்டு அகலத்துக்குப் பூக்கும் ஹைபிரிட் இனங்கள் இன்னும் செல்லம். கொழும்பு மழைக்கும் புழுக்கத்துக்கும் அவற்றைக் கட்டிக் காப்பது பெரும்பாடு. பூசைக்குப் பூ வேண்டும் என்பவர்கள் ஐந்து இதழ் நாட்டுச் சிவப்பையே வைக்கலாம் என்பது என் அபிப்பிராயம். நேர்சரியில் சிங்களத்தில் வதமல் என்று கேட்டால் தருவார்கள்.

நுனி சுருண்டு, வெள்ளைப் பஞ்சு பிடித்திருக்கிறது

கொழும்புச் செவ்வரத்தையின் பெரிய எதிரி இதுதான்: வெண்மூட்டுப் பூச்சி. நுனித் தளிர்கள் விரியாமல் குறுகி, இலைகள் முறுக்கிக்கொண்டு ஒன்றோடொன்று நெருங்கிக் கொத்தாக நிற்கும். கணுக்களின் இடைவெளி சுருங்கிவிடும். கொத்தை விரித்தால் உள்ளே வெள்ளைப் பஞ்சு. பஞ்சை ஈர்க்கால் நசுக்கினால் இளஞ்சிவப்புச் சாறு வரும். அப்படி வந்தால் அது செவ்வரத்தையைத் தேடி வருகிற இளஞ்சிவப்பு வெண்மூட்டுப் பூச்சி. சாறு உறிஞ்சும்போது அது செலுத்தும் நச்சால்தான் இலை சுருள்கிறது. ஆகவே பூச்சியைக் கொன்ற பிறகும் சுருண்ட இலை நிமிராது. மஞ்சள் கலந்த சாறு வந்து, பக்கத்துப் பப்பாசியிலும் அதே பஞ்சு இருந்தால் பப்பாசி வெண்மூட்டுப் பூச்சியாக இருக்கலாம். 2008இல் இலங்கையில் முதலில் கண்டறியப்பட்டபோது பப்பாசித் தோட்டங்களை ஒரு வழி பண்ணிய பூச்சி அது. அதை அடக்கியதும் தெளிமருந்து அல்ல. 2009இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு சிறு குளவி அதன் உடலுக்குள் முட்டையிட்டு எண்ணிக்கையைக் குறைத்தது. இளஞ்சிவப்புப் பூச்சி 1994இல் கரீபியனின் கிரெனடாத் தீவில் நுழைந்து பரவியபோதும் குளவியும் பொறிவண்டும்தான் கைகொடுத்தன.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. கடுமையான பூச்சிநாசினி அடித்தால் முதலில் சாவது இந்தக் குளவியும் பொறிவண்டும்தான். மெழுகுப் பஞ்சுக்குள் இருக்கும் பூச்சி தப்பி, எதிரி இல்லாத வீட்டில் இரண்டு மடங்காகப் பெருகும். போதாததற்கு, மலத்தியன் போன்ற சில மருந்துகளுக்குச் செவ்வரத்தையே இலை கொட்டிவிடும். ஆகவே இந்த ஒழுங்கில் செய்யுங்கள்:

1. எறும்பைப் பாருங்கள். பூச்சி கழிக்கும் இனிப்புச் சாற்றுக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், குளவியை அண்ட விடாது, குஞ்சுகளைப் புதிய தளிருக்குத் தூக்கிப்போய் விடும். பால்தேத்தண்ணீர்ச் சக்கையைச் சாடியில் கொட்டுகிற வழக்கம் இருந்தால் இன்றே நிறுத்துங்கள். சீனி இருக்கும் இடத்துக்கு எறும்பு வரத்தான் செய்யும். வெறும் சாயச் சக்கையைக் காயவைத்து மெல்லியதாகத் தூவுவதில் பிழையில்லை. அடித்தண்டைச் சுற்றி ரேப் ஒட்டி, ரேப்பின் மேல் வாசலின் பூசினால் எறும்பு ஏறாது. மரப்பட்டையில் நேரடியாகப் பூச வேண்டாம். கிளை எதுவும் மதிலையோ கிறிலையோ தொட்டுக்கொண்டிருந்தால் அதையும் வெட்டுங்கள், இல்லாவிட்டால் எறும்புக்கு அதுவே பாலம்.

2. சுருண்ட நுனிகளை, கொத்துக்குக் கீழே ஒரு சாண் விட்டு வெட்டுங்கள். வெட்ட வெட்ட உடனேயே பைக்குள் போட வேண்டும்; நிலத்தில் போட்டுவைத்தால் குஞ்சுகள் நடந்து திரும்பிவிடும். மனம் கேட்காதுதான், ஆனால் செவ்வரத்தை புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டினால் பூ கூடுமே தவிரக் குறையாது.

3. மிச்சம் இருப்பதைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். இடுக்குகளில் ஒட்டியிருப்பதைப் பஞ்சை சேர்ஜிக்கல் ஸ்பிரிற்றில் நனைத்துத் துடைத்தெடுங்கள்.

4. அப்புறம்தான் தெளிப்பு. ஒரு லீற்றர் தண்ணீருக்கு 5 மில்லிலீற்றர் வேப்பெண்ணெய், எண்ணெய் கலப்பதற்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில துளி. நன்றாகக் குலுக்கி, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் கீழ்ப்பக்கம் நனையத் தெளியுங்கள். மத்தியான வெயிலில் எண்ணெய் பட்டால் இலை வெந்துவிடும். முதலில் ஒரு கொப்பில் மட்டும் தெளித்து இரண்டு நாள் பார்ப்பது புத்தி. முட்டைகள் பஞ்சுப் பைக்குள் பாதுகாப்பாக இருப்பதால் ஒரு தெளிப்பில் முடியாது. வாரத்துக்கு ஒன்றாக மூன்று தடவையாவது வேண்டும். மழை கழுவிவிட்டால் அது கணக்கில் இல்லை.

தெளிக்கும் முன் ஒரு விஷயம். பஞ்சுக் கூட்டத்துக்குள், மற்றவற்றைவிடப் பெரிதாக, நீண்ட மெழுகு இழைகள் சிலிர்த்துக்கொண்டு, தொட்டால் விறுவிறுவென்று நடக்கிற ஒன்றைக் கண்டால் அதை விட்டுவிடுங்கள். அது சில பொறிவண்டுகளின் குடம்பி. வெண்மூட்டுப் பூச்சியைத் தின்ன வந்தது. உண்மையான வெண்மூட்டுப் பூச்சி அசைந்தால்கூட மெல்லத்தான் அசையும். அந்தக் கொப்பை வெட்டாமலும் தெளிக்காமலும் தனியே விடலாம்.

பல்கனியில் வெண்டிச் சாடியும் இருந்தால் அதையும் சோதியுங்கள். வெண்டி, செவ்வரத்தை, பூவரசு எல்லாம் ஒரே குடும்பம், ஒன்றுக்கு வந்த பூச்சி மற்றதற்கும் வரும்.

இலை கறுத்து, பிசுபிசுக்கிறது

கறுப்பு ஒரு பூஞ்சணம். இலையைத் தின்னாது, மேலேயிருந்து சொட்டிய இனிப்புச் சாற்றில் வளர்கிறது. ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். சாறு எங்கிருந்து வந்தது என்று மேல் இலைகளின் அடியில் தேடுங்கள்: வெண்மூட்டுப் பூச்சியாக, அழுக்கணவனாக, அல்லது தட்டியதும் வெள்ளைத் தூள் பறக்கிற வெண் ஈயாக இருக்கும். இலையடியில் வெள்ளை மெழுகுக் கோடுகள் சுருள் சுருளாகக் கிடந்தால் அது சுருள் வெண் ஈ. வைத்தியம் மேலே சொன்னதுதான், கழுவல் முதலில். மொட்டுக் காம்பில் அழுக்கணவன் மட்டும் என்றால் இரண்டு விரலால் வழித்து விட்டாலே போதும்.

செழிப்பாக நிற்கிறது, பூ மட்டும் இல்லை

வெளிச்சம் போதவில்லை, அல்லது நைதரசன் கூடிவிட்டது. செவ்வரத்தைக்கு ஒரு நாளைக்கு 5, 6 மணித்தியாலம் நேர் வெயில் வேண்டும். தொடர்மாடியில் அது பல்கனி எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்பதைப் பொறுத்தது, இதைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் முதல் வாரங்களில் சூரியன் இலங்கைக்கு நேரே உச்சம் கொடுப்பதாகச் செய்தியில் சொல்வார்களே, கொழும்பில் அது ஏப்ரல் 7 அளவில். அதன் பிறகு செப்டெம்பர் தொடக்கம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மற்ற மாதங்களில் தெற்கே. ஆகவே தெற்குப் பல்கனியில் ஒக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல வெயில் உள்ளே வரும், ஜூனில் வராது. "போன தைமாதம் பூத்துக் குலுங்கினது, இப்ப ஒண்டும் இல்லை" என்று அன்ரிமார் சொல்வதற்குப் பாதிக் காரணம் இதுதான். வடக்குப் பல்கனியில் ஜூனில் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் சூரியன் உச்சிக்குக் கிட்ட நிற்பதால் மேல்மாடித் தளமே அதை மறைத்துவிடும். கிழக்குப் பல்கனி வருடம் முழுக்க நல்லது. மேற்கும் சரிதான், கடலுக்குக் கிட்ட என்றால் உப்புக்காற்றையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். வெயில் வராத மாதத்தில் சாடியைப் பொது மொட்டை மாடிக்கு ஏற்ற முடிந்தால் ஏற்றுங்கள்; முடியாவிட்டால் அந்த மாதங்களில் பூவை எதிர்பார்க்க வேண்டாம்.

வெயில் இருந்தும் கரும்பச்சை இலை மட்டும் பெருத்து வந்தால் யூரியாவை நிறுத்துங்கள். பொட்டாசியம் கூடிய பூப்பசளையைக் கொஞ்சம் கொஞ்சமாக, மாதம் இரு தடவை, ஈர மண்ணில் போடுங்கள். அரிசி கழுவிய தண்ணீர் கெடுதல் செய்யாது. புளிக்க விட்டு ஊற்றினால் ஈ மொய்க்கும். வாழைப்பழத்தோல் ஊறல் பற்றிப் பெரிதாகப் பேசுகிறார்கள். அதை நம்பிப் பசளையை நிறுத்துமளவுக்கு அதில் சத்து இல்லை.

நீண்ட நாள் வெட்டாத கன்றும் நுனியில் மட்டும் ஒன்றிரண்டு பூக்கும். மழைக்கு முன், மூன்றில் ஒரு பங்கு உயரத்தை வெளிநோக்கிய கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டினால் பக்கக் கொப்புகள் கிளம்பும். பூ திரும்ப வர இரண்டு மூன்று மாதம் ஆகலாம். வீட்டில் விசேஷம் வருகிறது என்றால் அதற்குக் கிட்டிய நாட்களில் வெட்டாதீர்கள்.

இலை ஓரம் கருகுகிறது

மரின் டிரைவ் பக்கத்து வீடுகளில், மே முதல் செப்டெம்பர் வரை, கடலைப் பார்த்த பக்கத்து இலைகளில் மட்டும் ஓரம் கபில நிறமாகக் காய்ந்தால் உப்பு. தென்மேற்குக் காற்று அலைத்துளியைக் கொண்டுவந்து இலையில் படிய வைக்கிறது. பலத்த காற்று அடித்து மழை பெய்யாத நாளில், மாலையில் இலைகளை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். பல்கனிக் கிறிலில் பச்சை வலை கட்டினாலும் குறையும். ஓரம் கருகிய இலையைப் பிடுங்க வேண்டாம், மீதிப் பச்சை வேலை செய்யும்.

எல்லாப் பக்கமும் கருகி, மண்ணின் மேல் வெள்ளைப் படலமும் இருந்தால் உப்பு காற்றில் வரவில்லை. பசளை மிஞ்சியிருக்கும், அல்லது கரையோரத்துக் கிணற்றின் உவர்த் தண்ணீர். சாடியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு குழாய்த் தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடியால் முழுக்க வடிய விட்டுக் கழுவுங்கள்.

இரவோடிரவாக இலை தின்னப்படுகிறது

மழைக்காலம், இலையில் ஒழுங்கற்ற பெரிய ஓட்டைகள், பக்கத்து மதிலில் காய்ந்த பளபளப்புக் கோடு என்றால் ஆபிரிக்க இராட்சத நத்தை. இரவு டோர்ச் அடித்துப் பார்த்தால் சாடி விளிம்பின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். வெறுங்கையால் தொடாதீர்கள், பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். மூளைக்காய்ச்சல் தரக்கூடிய ஒரு புழுவை இவை சுமக்கும். கையுறை போட்டோ இடுக்கியாலோ பொறுக்கி, உப்புக் கரைசல் வாளிக்குள் போட்டு, செத்த பிறகு புதையுங்கள். மண்ணில் நேராக உப்புத் தூவினால் நத்தையோடு செவ்வரத்தையும் போய்விடும். பகலில் அவை ஒளிந்திருக்கும் பலகை, உடைந்த சாடி, தும்புக் குவியல் ஆகியவற்றை அகற்றாமல் பொறுக்கிக்கொண்டே இருந்தால் முடிவே இராது.

சிவப்பும் கறுப்புமான பூச்சிகள் கூட்டமாக மொட்டிலும் காயிலும் நிற்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். அவை விதையைத் தேடி வருபவை, கன்றுக்குப் பெரிய சேதமில்லை. சவர்க்காரத் தண்ணீர் உள்ள போத்தலுக்குள் தட்டி விடுங்கள்.

இலையில் மஞ்சள் வளையங்கள், திட்டுத் திட்டான நிறமாற்றம் தெரிந்து, பூச்சியும் இல்லை, பசளைக்கும் மாறவில்லை என்றால் வைரசாக இருக்கலாம். மருந்து கிடையாது. கன்று பல வருடம் பூத்துக்கொண்டும் இருக்கும். அதிலிருந்து மட்டும் யாருக்கும் கொப்பு முறித்துக் கொடுக்காதீர்கள், அதை வெட்டிய கத்தரியை ஸ்பிரிற்றால் துடைக்காமல் அடுத்த கன்றில் வைக்காதீர்கள். குழப்பமாக இருந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

மண் ஈரம், ஆனால் கன்று வாடி நிற்கிறது

இது அவசரம். வேர் அழுகினால் தண்ணீர் இருந்தும் குடிக்க முடியாது. அதைப் பார்த்து இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள், இரண்டு நாளில் கதை முடிந்துவிடும். கன்றைச் சாடியோடு கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளிறி, இறுக்கமாக இருக்கும். அழுகிய வேரை இரண்டு விரலால் இழுத்தால் கபில நிறத் தோல் உறைபோலக் கழன்று கையோடு வரும், உள்ளே நூல் மட்டும் மிஞ்சும், மணமும் அடிக்கும்.

அழுகியதை எல்லாம் வெட்டுங்கள். வேரில் பாதி போனால் மேலேயும் பாதியை வெட்ட வேண்டும். பழைய மண்ணைக் கொட்டிவிட்டு, மண் இரண்டு பங்கு, கொம்போஸ்ட் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு கலந்து, பெரிய சாடியில் அல்ல, மிஞ்சிய வேருக்கு அளவான சின்னச் சாடியில் நடுங்கள். நிழலில் வையுங்கள். புதுத் தளிர் வரும்வரை பசளை வேண்டாம்.

உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் நகத்தால் தண்டின் தோலை மெல்லச் சுரண்டுங்கள். உள்ளே ஈரப் பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. காய்ந்த கபில நிறம் என்றால் அந்த இடம் போய்விட்டது. நுனியிலிருந்து கீழ்நோக்கிச் சுரண்டிக்கொண்டே வந்து, பச்சை தொடங்கும் இடத்துக்கு இரண்டு விரல் கீழே வெட்டுங்கள்.

அடித்தண்டே போய், மேலே ஒரு கொப்பில் மட்டும் பச்சை மிஞ்சியிருந்தால் தாய்க்கன்றை மறந்துவிட்டு அந்தக் கொப்பைக் காப்பாற்றுங்கள். பென்சில் தடிப்பில், அரை அடி நீளத்தில், கணுவுக்குக் கீழே வெட்டி, மேல் இலை இரண்டை விட்டு மீதியைக் கழற்றி, மணலும் தும்புத்தூளும் கலந்த சாடியில் இரண்டு கணு புதையும்படி ஊன்றுங்கள். ஒன்று போதாது, நாலைந்து ஊன்றினால் இரண்டாவது பிழைக்கும். மேலே வெட்டிய பிளாஸ்டிக் போத்தலைக் கவிழ்த்து வைத்தால் ஈரம் நிற்கும். ஒரு மாதத்துக்குப் பிறகு மெல்ல இழுத்துப் பாருங்கள், பிடிப்பு இருந்தால் வேர் விட்டிருக்கிறது. சாடிக்குக் கீழே தட்டு வைப்பதானால் வாரம் ஒரு தடவையாவது கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு நுளம்பின் முட்டை தட்டின் சுவரில்தான் ஒட்டியிருக்கும், தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போகாது. இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு நோயாளிகளாகப் பதிவான 2017க்குப் பிறகும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கேற்றைத் திறந்ததும் முதலில் பார்ப்பது பூச்சாடித் தட்டுகளைத்தான். தட்டே இல்லாமல், ஓட்டுத் துண்டின் மேல் வைத்தால் அவருக்கும் வேலையில்லை, வேருக்கும் சுகம்.